இருபது கிலோவுக்குக் கீழே

எங்கள் எடைமேடைக்கு
இருபது கிலோவுக்குக் குறைந்தது எதுவும்
கண்ணில் படாது.
செம்பனைக் குலையோடு லாரி ஏறி நிற்கும்,
நான் எண்ணை எழுதுவேன்,
நூக்கராஜு சீட்டைக் கிழிப்பான்.
பதினேழு வருஷம்.
அதில் பத்து நாள் மட்டும்
சீட்டையும் நானே கிழித்தேன்.

அந்தப் பத்து நாள் அவன் பீமவரத்தில் இருந்தான்.

போகும்முன் ஊத்தான் மெலிந்தாங் பாசாரில்
புதுச்செருப்பு வாங்கினான்,
மைலோ இரண்டு பாக்கெட்,
கோடாரித் தைலம் ஒரு டஜன்.
யாருக்கு என்றேன்.
"யாராச்சும் இருப்பாங்க."

அவன் வீட்டு இரும்புப் பெட்டியில்
கப்பல் சீட்டு ஒன்று கிடந்தது.
ஊர்ப் பெயரில் முதலெழுத்து மட்டும் தெளிவு,
மிச்சத்தைக் கரையான் படித்து முடித்துவிட்டது.
கோயில் இருக்கும், வாய்க்கால் இருக்கும்,
சுத்தி நெல்லு என்றான்.
சுங்கை மானிக் பக்கம் போனாலும் அதுதானே,
டிக்கெட் காசு மிச்சம் என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.

வந்தபின் சொன்னதெல்லாம்
லாரிக்கும் லாரிக்கும் நடுவில்.
அதனால் எனக்குத் துண்டுதுண்டாகத்தான் தெரியும்.

கோதாவரி அங்கே முழுசாக வருவதில்லையாம்,
கால்வாய் கால்வாயாகப் பிரிந்து
வீட்டுப் பின்கதவு வரை வந்து
பாத்திரம் கழுவிவிட்டுப் போகிறதாம்.

கோயில் லிங்கம்
அமாவாசைக்குக் கறுத்து
பௌர்ணமிக்கு வெளுக்குமாம்.
இவன் போனது நடுவில், அஷ்டமியன்று.
"அன்னிக்கு என்ன நிறம்?"
"வரிசையில தள்ளிட்டாங்க, சரியாப் பார்க்கல."

ஒன்பதாயிரத்து நானூற்றெண்பது. அடுத்த லாரி.

நெல்வயலில் பாதி இறால் குளமாகிவிட்டதாம்.
இரவெல்லாம் சக்கரங்கள் தண்ணீரை அடிக்கின்றன.
லாட்ஜில் தூக்கம் பிடிக்காமல் கிடந்தவன்
அதை நம் ஆலைச் சத்தம் என்று
தனக்குத்தானே பொய் சொல்லித் தூங்கினானாம்.

கோயில் தெருவில் டீ கேட்டிருக்கிறான்,
வீட்டில் பேசும் அதே தெலுங்கில்.
கடைக்காரன் கிளாஸைக் கழுவிக்கொண்டே
"மீரு அரவவாள்ளா?"

அரவம் என்றால் எனக்குப் பாம்பு,
இல்லாவிட்டால் ஓசை.
அவர்களுக்கு அது நானாம், என் மொழியாம்.
நூக்கராஜுவை அங்கே நானாக்கிவிட்டார்கள்.

இதை அவன் சொன்னபோது
நான் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம்
அவனை 'கொல்டி' என்று கூப்பிட்டவள் நான்.
சிரித்துக்கொண்டேதான் கூப்பிட்டேன்.
அவனும் சிரித்துக்கொண்டேதான் திரும்பினான்.
மேனேஜர் வைத்திருக்கும் பாரத்தில்
எங்கள் இருவருக்கும் ஒரே கட்டம்: இந்தியர்.

எனக்கென்று ஒரு பெட்டி பூதரேக்கு கொண்டுவந்திருந்தான்.
கவிழ்த்த பானையின் முதுகில்
அரிசி மாவை வீசித் தோலாய் உரித்தது.
கையில் காகிதம்,
நாக்கில் வைத்தால் இல்லை, இனிப்பு மட்டும்.
பெட்டியோடு மேடைமேல் வைத்துப் பார்த்தோம்.
சிவப்பு எண் அசையவில்லை.
அவனே ஏறி நின்றான்: எண்பது.
நிஜத்தில் எழுபத்துமூன்று.
மேடை தன் தோதுக்கு
ஆளைக் கூட்டியும் குறைத்தும் கொள்ளும்.
"இறங்குலா, லாரி வருது" என்றேன்.

டயர் ஏறும்போது ஞாபகம் வந்து கேட்டேன்,
அந்தத் தைலமெல்லாம் யாருக்குத்தான் கொடுத்தாய்?

"டீக்கடைக்காரனுக்கு. முட்டி வலின்னான்."

மூடியைத் திறந்து முகர்ந்து
எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்டானாம் அவன்.
மன ஊரிதி,
எங்க ஊருது என்று சொல்லியிருக்கிறான்.
பத்து நாளில் அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான்
யாரும் அவனைத் திருத்தவில்லையாம்.

டிரைவர் ஹாரனை அழுத்தினான்.
எண்ணை எழுதினேன்.
சீட்டை அவன் கிழித்தான்.